துரையின் இருமல்

எங்கள் வீட்டில் அப்பா போன பிறகும் அவருடைய இருமல் போகவில்லை. விடியற்காலையில் நான் ரயிலுக்குக் கிளம்பித் தலைவாரிக்கொண்டிருக்கும்போது முன்கட்டில் தொங்கும் கூண்டிலிருந்து அது கேட்கும். முதலில் இரண்டு சின்ன இருமல். பிறகு அடிவயிற்றிலிருந்து இழுக்கிற ஒரு பெரிய இருமல். ஒரு மூச்சு நேரம் சத்தமிருக்காது. அப்புறம் அப்பாவின் குரலிலேயே, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று வரும்.

உள்ளே அடுப்பு முன்னால் நிற்கும் அம்மா, "ஆமா, ஒண்ணுமில்லதான்" என்பாள். அப்பா இருந்தபோது சொன்ன அதே அலுப்போடு.

கூண்டில் இருந்தது துரை. மலை மைனா. தெருவில் சோற்றுப்பருக்கை பொறுக்குகிற பழுப்பு மைனாவை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது உடம்பு முழுக்கக் கறுப்பு. வெயில் பட்டால் அந்தக் கறுப்பில் ஊதாவும் பச்சையும் ஓடும். ஆரஞ்சு அலகு, மஞ்சள் கால், கண்ணுக்குப் பின்னால் பிடரி வரைக்கும் மஞ்சளாகத் தொங்குகிற தோல். "கறுப்புக் கோட்டு, மஞ்ச காலர். மைன் ஷாஃப்டைப் பாக்க வந்த வெள்ளக்கார துரை மாதிரியே கீது பாரு" என்றார் அப்பா, அதை வாங்கி வந்த அன்றைக்கு. அந்தப் பேரே நிலைத்துவிட்டது.

பறவை என்று சொன்னாலே பெங்களூரில் என்னோடு வேலை செய்கிறவர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். விஷவாயு பார்க்கச் சுரங்கத்துக்குள் பறவை கொண்டு போவார்களாமே, உங்கள் ஊரிலும் உண்டா? அது நிலக்கரிச் சுரங்கத்துக் கதை. கோலார் தங்கவயலில் உள்ளே போனதெல்லாம் மனுஷர்கள்தான். எங்கள் அப்பா தம்மபாலன் இருபத்தெட்டு வருஷம் போனார். மைன் மூடின பிறகு பத்து வருஷம் பெங்களூரில் வாட்ச்மேன். அப்புறம் ஸ்டேஷன் படிக்கட்டில் பாதி ஏறி உட்கார்ந்துவிடுகிற நிலைமை வந்தது. நெஞ்சு முழுக்கக் கல்தூசி. அந்த வருஷம்தான் பங்காருப்பேட்டை சந்தையில், ஈரத்துணி மூடின கூடையிலிருந்து ஒருத்தன் எடுத்துக் கொடுத்த இந்தக் குஞ்சை மடியில் கட்டிக்கொண்டு வந்தார். மேற்கே மலைக்காட்டில் மரப்பொந்திலிருந்து எடுத்ததாம். அதை வளர்ப்பது சட்டப்படி குற்றம் என்று எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. அப்பாவுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

நாங்கள் புத்த வழிக்காரர்கள். ஒரு வைகாசிப் பௌர்ணமி அன்று விகாரையில் யாரோ அப்பாவிடம், உயிரைக் கூண்டில் போட்டுவிட்டுப் பஞ்சசீலம் சொல்கிறாயே என்று கேட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் கூண்டைத் திறந்துவிட்டார். துரை பறந்து போய் எதிரில் மைன்காரர்கள் குடியிருந்த லைன் வீட்டு ஓட்டின் மேல் உட்கார்ந்தது. ஆள் உயர மரமே அபூர்வமான ஊரில் அது எங்கே போகும்? மைன் கழிவைக் கொட்டிக் குவித்த சயனைடு மேட்டுப் பக்கம் ஒரு வட்டம் போனது. காக்கைகள் துரத்தின. சாயங்காலம் தானாகக் கூண்டுக்குள் வந்து உட்கார்ந்து, இரண்டு சின்ன இருமல், ஒரு பெரிய இருமல், "ஒண்ணுமில்ல" என்றது. அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, அவரும் அதையே சொன்னார். யார் சொன்னது என்று தெரியாமல் அம்மா இரண்டு பேரையும் திட்டினாள்.

அப்பா போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அம்மா அழுது ஓய்ந்ததே இந்தப் பறவையால்தான். காலையில் முதல் டீயை ஆற்றி ஒரு தம்ளரில் கூண்டுக்குக் கீழே வைப்பாள். அரைமணி கழித்து அவளே எடுத்துக் குடிப்பாள். முதலில் எனக்குக் கோபம் வந்தது. இன்னாம்மா இது பைத்தியக்காரத்தனம் என்று கத்தியிருக்கிறேன். அப்புறம் கத்துவதை விட்டேன். அந்தக் கூண்டு காலியானால் அம்மா என்ன ஆவாள் என்ற பயம் எனக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு என் ஒவ்வொரு நாளும் அந்தப் பயத்தோடுதான் விடிந்தது.

நான் பெங்களூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். ஒருநாள் அம்மாவின் ரத்தத்தை நானே எடுத்துப் போய்ப் பார்த்தேன். ஹீமோகுளோபின் எட்டுதான் இருந்தது. மருந்துக் கம்பெனி ஆட்கள் கொடுத்துவிட்டுப் போகிற இரும்புச்சத்து டானிக்கை மாதாமாதம் கொண்டுவர ஆரம்பித்தேன். பாட்டில் ஒழுங்காகக் காலியானது. அம்மாவின் கண்ணிமை மட்டும் வெளுத்தபடியே இருந்தது. டானிக்கில் தண்ணீர் கலக்கிறான்கள் என்று நான் கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஆடி மாதத்திலிருந்து துரையின் இருமல் கூடியது. விடியற்காலையில் ஒருமுறை என்பது போய், மதியம், சாயங்காலம் என்று வந்தது. பக்கத்து வீட்டுப் பார்வதம்மா, "உங்க ஊட்டுக்காரு மேல இருந்துகினு நல்லாத்தான் இருமுறாரு" என்று கிண்டல் செய்தாள். அம்மாவுக்கு அதில் வருத்தமில்லை. உள்ளூர அவளுக்குச் சந்தோஷம் என்றுதான் நினைக்கிறேன். எனக்கும் அதில் சந்தோஷம் இருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். கூண்டிலிருந்து இருமல் வந்தது. நான் "ஒண்ணுமில்ல"வுக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. சோப்புக் கையோடு நின்றேன். மறுபடி இருமல். மறுபடி ஒன்றுமே இல்லை. அப்பா ஒருநாளும் அந்த வார்த்தையை விட்டதில்லை. அவரிடம் படித்த பறவையும் விட்டதில்லை.

போய்ப் பார்த்தேன். துரை குச்சியில் இல்லை, கூண்டின் தரையில் உட்கார்ந்திருந்தது. அலகு திறந்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் அசைந்தது. வயிறு உப்பியிருந்தது. அது அப்பாவை நடித்துக்காட்டவில்லை. அதற்கே மூச்சு முட்டியது. எத்தனை நாளாகவோ.

"அம்மா, இதுக்கு ஒடம்பு சரியில்ல. டாக்டர்கிட்ட காட்டணும்."

"அவுரு மாதிரிதான இருமுது? எப்பவும் இருமுறதுதான?"

"இது அப்பா இருமல் இல்லம்மா. இது இருமல்."

அம்மா கூண்டுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். "டாக்டருன்னு கொண்டு போவ. ஃபாரஸ்ட்காரன் புடிச்சிகினு போயிடுவான். அப்புறம் எனக்கு யாரு கீறாங்க?" என்றாள். நான் இருக்கிறேனே என்று வாய் வரைக்கும் வந்தது. காலையில் இருட்டோடு போய் ராத்திரி ஒன்பது மணிக்கு வருகிற நான் அதைச் சொன்னால் நன்றாக இருக்காது. கூண்டோடு திருப்பிக் கொண்டுவருவேன் என்று சத்தியம் செய்து கொடுத்தேன்.

மறுநாள் மாரிகுப்பம் ஸ்டேஷனில் கூண்டை அப்பாவின் பழைய லுங்கியால் மூடி, மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வண்டி இங்கேதான் கிளம்புகிறது என்பதால் எங்களுக்கு இடம் கிடைக்கும். பங்காருப்பேட்டையில் ஏறுகிறவர்கள் நின்றுகொண்டே வருவார்கள். எதிரில் டைட்டஸ் தாத்தா. மைனில் இருந்தவர், எழுபது வயதிலும் ஏதோ ஒரு அபார்ட்மெண்டில் கேட் காவலுக்குப் போகிறவர். மாலூர் தாண்டும்போது லுங்கிக்குள் துரை இருமியது. டைட்டஸ் தாத்தா கண் திறந்து, எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"யாரும்மா இருமுறது? ஒக்கார எடம் குடுக்கலாம். எந்த ஷாஃப்ட்ல இருந்தவரு?"

முகம் தெரியாத, பேர் தெரியாத ஒருவரின் இருமலிலிருந்தே ஆள் அண்டர்கிரவுண்ட் போனவர் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. நான் லுங்கியின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பார்த்தார்.

"அட, குருவிக்கா?" என்றார். பிறகு தன் தண்ணீர் பாட்டிலின் மூடியில் கொஞ்சம் ஊற்றிக் கம்பிக்குள் வைத்தார். சாகப்போகிறவர்களுக்குச் செய்கிற மரியாதை அவர் கையில் இருந்தது. நான் லுங்கியை மறுபடி இறக்கி மூடினேன்.

பறவை டாக்டர் கரோலின் என்னைவிடச் சின்னப் பெண். துரையைப் பார்த்ததும் என்னைத்தான் முதலில் பார்த்தாள். "இதை வளக்கக் கூடாதுன்னு தெரியுமா மேடம்?" என்றாள். தெரியும், ஆனால் இதைத் தவிர அம்மாவுக்கு யாருமில்லை என்றேன். அப்புறம் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. எக்ஸ்ரே எடுத்தாள். வயிற்றில் மெல்லிய ஊசி போட்டு நீர் எடுத்தாள். ஆறிப்போன டீயின் நிறத்தில் சிரிஞ்சு பாதி வந்தது. துரை கொஞ்சம் மூச்சு விட்டது.

"இது மழைக்காட்டுப் பறவை," என்றாள். "காட்டுல மரத்து உச்சியிலயே இருக்கும், தரைக்கு வரவே வராது. அத்திப்பழம், காட்டுப்பழம், பூவுல தேன். அந்தப் பழத்துல இரும்பு ரொம்பக் கம்மி. அதனால இதோட உடம்பு கிடைக்கிற துளி இரும்பையும் விடாம புடிச்சி வெச்சிக்கும். வெளிய தள்ள அதுக்குத் தெரியாது. காட்டுல அதுக்குத் தேவையும் இல்ல. வீட்டுச் சாப்பாடு போட்டா ஈரல்ல இரும்பு சேர்ந்துகிட்டே போகும். ஈரல் வீங்கும், நீர் கோத்துக்கும், மூச்சுப்பையை அமுக்கும். அதான் இருமல்."

எக்ஸ்ரேயில் ஈரலைக் காட்டினாள். அந்தச் சின்ன உடம்பில் பாதி அதுதான். பூமியைக் குடைந்து உலோகம் தேடின ஊரிலிருந்து வந்தவள் நான். இங்கே பறவை வயிற்றுக்குள் உலோகம்.

"இது பேசுறது?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா என்று இப்போது வெட்கமாக இருக்கிறது.

"காட்டுல இது வேற எந்தப் பறவை மாதிரியும் கத்தாது. பக்கத்து மரத்துல இருக்கிற தன் சொந்தக்காரங்க கத்துறதை மட்டும்தான் கத்துக்கும். ஒரு மலை தாண்டினா அந்தப் பாஷையே வேறயா இருக்கும். குஞ்சுல பிரிச்சிட்டா யாரு பக்கத்துல இருக்காங்களோ அவங்கதான் அதுக்குச் சொந்தம்." துரையை மெல்லக் கூண்டில் விட்டாள். "என்ன சாப்பாடு குடுக்கிறீங்க?"

பழம், ராகி என்று ஆரம்பித்தேன். "ஈரல்? வெல்லம்? பேரீச்சம்பழம்? இரும்பு டானிக் ஏதாவது?" ஒவ்வொன்றுக்கும் இல்லை இல்லை என்றேன். கடைசிக் கேள்விக்கு இல்லை என்று சொல்லும்போதே, ஒழுங்காகக் காலியாகிற பாட்டில்கள் ஞாபகம் வந்தன. சொன்னதைத் திருத்திக்கொள்ளவில்லை.

"பழம் மட்டும் குடுங்க. பப்பாளி, வாழை, ஆப்பிள். எலுமிச்சை வேணாம், புளிப்பு இரும்பை இன்னும் உள்ள இழுக்கும். இந்த மருந்து காலைல ஒருவேளை. பத்து நாள்ல பார்க்கலாம். கஷ்டம்தான் மேடம், ஆனா இரும்பு சேர்றது இதோட நின்னா ஒருவேளை தப்பிக்கும்."

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் நேராகக் கேட்டேன். "டானிக்க நீ குடிக்கிறியா, துரைக்குக் குடுக்கிறியா?"

"எனக்கு இன்னாத்துக்கு? நான் இருமுலியே," என்றாள்.

அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்துக் காட்டினாள். வெல்லம் கரைத்து, டானிக் விட்டு, எலுமிச்சை பிழிந்த தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை பொடியாக நறுக்கின ஆட்டு ஈரல் வேறு. எங்கள் லைனில் எல்லா வீட்டிலும் அதுதான் வைத்தியம். ஷிஃப்ட் முடிந்து வருகிறவனுக்கு முதலில் ஒரு கட்டி வெல்லம், அப்புறம்தான் டீ. தொண்டையில் ஒட்டின தூசியை வெல்லம் இறக்கும். போன ரத்தத்தை ஈரல் கொண்டுவரும். அப்பாவுக்குப் பதினொரு வருஷம் அம்மா ஒருநாள் தவறாமல் கொடுத்தாள். அப்பா போன பிறகு அதே இருமல் கூண்டிலிருந்து கேட்டபோது அவள் கை சும்மா இருக்குமா? நல்லா இருந்த பறவை அப்பாவைப் போல இருமியது. அவள் அப்பாவுக்குச் செய்ததைச் செய்தாள். பறவை நிஜமாகவே இருமியது. அவள் இன்னும் அதிகம் செய்தாள்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எதற்கெடுத்தாலும் சண்டைக்கு நிற்கிறவள் என்று ஆபீசில் எனக்குப் பேர். அந்தக் கிண்ணத்தைக் கையில் ஏந்திக்கொண்டு, நல்லது செய்திருக்கிறேன் பார் என்கிற முகத்தோடு நின்ற அம்மாவிடம் என் வாய் திறக்கவில்லை. "டாக்டர் பழம் மட்டும் குடுக்கச் சொன்னாங்க. வேற எதுவும் வேணாமாம்" என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. சரி என்றாள்.

நாலைந்து நாள் துரை தேறினது போல இருந்தது. குச்சியில் ஏறி உட்கார்ந்தது. ஒரு காலையில், பெரிய இருமலுக்குப் பிறகு, பாதிக் குரலில் "ஒண்ணு..." என்றது. அம்மா ஓடிவந்து கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மீதி வரவில்லை. ஆனால் அம்மா அன்றைக்கு மதியம் சோறு நிறையச் சாப்பிட்டாள் என்று பார்வதம்மா சொன்னாள்.

பிறகு வயிறு மறுபடி உப்பியது. மருந்து சரியில்லை என்று கரோலினுக்குப் போன் செய்தேன். சாப்பாட்டில் வேறு ஏதாவது போகிறதா பாருங்கள் என்றாள். எதுவும் போகவில்லை என்று அடித்துச் சொன்னேன்.

பத்தாம் நாள் நான் லீவு போட்டிருந்தேன். வெயில் ஏறின நேரம். துரை அம்மாவின் மடியில் இருந்தது. கூண்டில் நிற்க அதற்குத் தெம்பில்லை. இரண்டு சின்ன இருமல் வந்தது. பெரிய இருமல் வருவதற்குக் கழுத்தை நீட்டியது, அது வரவில்லை. மஞ்சள் கால் இரண்டும் அம்மாவின் சேலையை இறுக்கிப் பிடித்திருந்தன. ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்து எடுத்தேன். அப்பா போனபோது அவர் கையையும் அவளிடமிருந்து நான்தான் பிரித்தேன்.

வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டினேன். அம்மா மெதுவாக, "புத்தம் சரணம் கச்சாமி" என்று மூன்று முறை சொன்னாள். கூண்டைக் கழுவ எடுத்தபோது தண்ணீர்க் கிண்ணத்தை முகர்ந்து பார்த்தேன். வெல்ல வாசனை. அடியில் டானிக்கின் சிவப்பு இழையாக ஒட்டியிருந்தது.

"அம்மா! பழம் மட்டும்னு சொன்னேன்ல?"

"தெம்பே இல்லடி அதுக்கு. வெறும் பப்பாளிய துன்னுட்டு எப்படி இருமி வெளிய தள்ளும்? உங்கப்பாவுக்குக் கூட அந்தப் பெங்களூர் டாக்டரு எதுவும் வேணான்னாரு. நான் உட்டுட்டனா?"

அப்போதுதான் என் வாய் திறந்தது. திறக்க வேண்டிய நாளில் திறக்காமல், குழி மூடின பிறகு திறந்தது. "அதாம்மா அத கொன்னுச்சி! வெல்லம், ஈரல், டானிக், எல்லாம் இரும்பு. அது ஈரல் பூரா இரும்பு. நீ குடுக்கக் குடுக்க அதுக்கு மூச்சு முட்டிச்சி. டாக்டர் அன்னைக்கே சொன்னாங்க. நான்தான் உன்கிட்ட சொல்லல."

அம்மா கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. வாசற்படியில் உட்கார்ந்து, அந்தக் கிண்ணத்தின் அடியைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். காலியான கூண்டு எங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்தது. தலை நிமிராமல் கேட்டாள்.

"அவுருக்கும் இதத்தானடி குடுத்தேன். பதினோரு வருசம்."

எனக்குத் தெரியும். வெல்லம் அப்பாவை ஒன்றும் செய்யவில்லை. கொல்லவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை. நெஞ்சில் போன கல் எதற்கும் இறங்காது. பதினொரு வருஷமும் அவள் கொடுத்த ஒவ்வொரு கட்டியும் வீண். இதில் எதைச் சொல்வது?

"அது வேற, இது வேறம்மா. அப்பாவுக்கு அது நல்லதுதான் பண்ணிச்சி. நீ குடுத்ததாலதான் அத்தினி வருசம் இருந்தாரு. வேற ஒண்ணுமில்ல."

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. ரொம்ப நாள் தெரிந்த ஒன்றைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"அவுரும் இப்படித்தான் சொல்லுவாரு," என்றாள். "ஒண்ணுமில்லன்னு." கிண்ணத்தைக் கழுவ உள்ளே போனாள்.